ஒரு தீர்ப்பும் ஒரு நபிமொழியும்

நீதிமன்றத் தீர்ப்புகளை இலக்கியம் போல் வாசிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. வழக்காடியவர்கள் வாசிக்கிறார்கள், வழக்கறிஞர்கள் வாசிக்கிறார்கள், ஏனையோருக்கு அது அலுப்பூட்டும் காகிதக் கட்டு. ஆனால், ஒரு மனிதனின் வாழ்வு எப்படி ஒடிந்தது என்பதை நாள் தவறாமல், மிகைப்படுத்தாமல் எடுத்துரைக்கும் சில தீர்ப்புகள், நாவல்கள் பல செய்யத் தவறியதைச் செய்துவிடுகின்றன. 1994 நவம்பரில் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கோல்மன் வழங்கிய தீர்ப்பு அத்தகையது. ‘வாக்கர் எதிர் நார்தம்பர்லாந்து கவுன்ட்டி கவுன்சில்’ என்பது வழக்கின் பெயர். அதனைத் திறனாய்ந்து, நம் கையில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு நபிமொழியின் அருகே வைத்துப் பார்க்க விரும்புகிறோம். வேலை கொடுப்பவர், வேலை செய்பவரின் உடலுக்கு மட்டுமன்றி உள்ளத்துக்கும் பொறுப்பாளியா என்பதே இரண்டுக்கும் பொதுவான கேள்வி.

வாக்கர் 1970 முதல் அந்த கவுன்ட்டியின் சமூகநலத் துறையில் அலுவலராக இருந்தவர். பிளித் வேலி என்னும் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. நான்கு களப்பணிக் குழுக்கள் அவருக்குக் கீழே இயங்கின. பெற்றோராலும் உற்றாராலும் வதைக்கப்படும் குழந்தைகளைக் கண்டறிந்து காப்பது அவர்கள் பணியில் முக்கியமானது. அப்பகுதியில் மக்கள் தொகை பெருகிற்று; வழக்குகள் பெருகின; ஆட்கள் மட்டும் பெருகவில்லை. பணியமைப்பை மாற்றித் தருமாறு அவர் மேலிடத்தைக் கேட்டார். மாற்றம் வரவில்லை. 1986 நவம்பரில் அவர் நொறுங்கிப் போனார். உறக்கம் போயிற்று, தலைவலி நீங்கவில்லை, சிறு விஷயத்துக்கும் கண்ணீர் வந்தது. அதற்கு முன் அவருக்கு மனநோய் எதுவும் இருந்ததில்லை.

சில மாத ஓய்வுக்குப் பின் 1987 மார்ச்சில் வேலைக்குத் திரும்பினார். திரும்புவதற்கு முன் அவருக்கு ஒரு வாக்கு அளிக்கப்பட்டது: உதவிக்கு ஒருவரைத் தருகிறோம், உம்முடைய பளுவைக் குறைக்கிறோம் என்று. உதவியாளர் வந்தார். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அந்த உதவி விலக்கிக்கொள்ளப்பட்டது. அவர் இல்லாத காலத்தில் தேங்கிக் கிடந்த காகிதங்கள் ஒருபுறம், நாள்தோறும் புதிதாக வந்து சேரும் வழக்குகள் மறுபுறம். செப்டம்பரில் மீண்டும் நொறுங்கினார். 1988 பிப்ரவரியில், நிரந்தரமாக உடல்நலம் கெட்டவர் என்று காரணம் காட்டி, கவுன்சில் அவரை வேலையிலிருந்து நீக்கிற்று.

இவ்வளவுதான் கதை. இதில் வில்லன் எவரும் இல்லை. சவுக்கு இல்லை, கூலி மறுப்பு இல்லை, வசைச்சொல்லும் இல்லை. கண்ணியமான அலுவலகம், கண்ணியமான மேலதிகாரிகள், வரவு செலவுக் கணக்கின் நெருக்கடி. நம் கதாசிரியர்கள் முதலாளி என்றாலே தொந்தியும் தங்கச் சங்கிலியுமாக ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். அவரை வெறுப்பது எளிது. வெறுத்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்கப் போய்விடலாம். தொந்தியும் சங்கிலியும் இல்லாத நல்ல மனிதர்கள் கூடியிருந்து, ஒரு கையெழுத்தில் இன்னொரு மனிதனை ஒடித்துவிட முடியும் என்பதைக் காட்டும் தமிழ்க் கதைகள் மிகச் சில. கோல்மனின் தீர்ப்பு அதைக் காட்டுகிறது.

தீர்ப்பின் சாரம் இது. தொழிலாளியின் கையோ காலோ முறியாமல் காக்க முதலாளி கடமைப்பட்டவர் என்றால், உள்ளம் முறியாமல் காக்கும் கடமையை மட்டும் அதிலிருந்து விலக்கி வைக்க நியாயம் எதுவும் இல்லை. பணநெருக்கடி என்ற வாதத்தை நீதிபதி செவிமடுத்தார். ஆனால், அது முதலாளியை முற்றாக விடுவித்துவிடாது என்றார். ஒருமுறை நொறுங்கிய மனிதர் அதே சுமைக்குத் திரும்பினால் மீண்டும் நொறுங்குவார் என்பதைக் கவுன்சில் முன்னறிந்திருக்க வேண்டும். ஆகவே இரண்டாம் முறிவுக்குக் கவுன்சிலே பொறுப்பு. பின்னர் மேல்முறையீடு நிலுவையில் இருக்கையில் 1996இல் 1,75,000 பவுனுக்குச் சமரசம் ஏற்பட்டது.

முதல் முறிவு? அதற்குக் கவுன்சில் பொறுப்பல்ல என்றது தீர்ப்பு. முன்னறிய இயலாதது என்பது காரணம்.

தீர்ப்பின் பெருமையும் குறையும் இந்த ஓரிடத்தில் கூடிக் கிடக்கின்றன. உள்ளத்தின் காயத்தையும் காயம் என்று ஏற்றது அதன் பெருமை. ஆனால், பொறுப்பு தொடங்கும் இடத்தை அது மிகவும் தள்ளி வைத்துவிட்டது. ஒருமுறை ஒடிந்தால்தான் அடுத்தமுறை ஒடியும் என்பது தெரியுமாம். கழுதையின் முதுகில் எத்தனை மூட்டை ஏற்றினோம் என்பதை ஏற்றும்போதே எண்ணியிருக்கலாம் அல்லவா? அது படுத்துவிட்ட பிறகுதான் பாரம் என்று தெரிந்தது என்று வண்ணான் சொன்னால் ஊர் சிரிக்கும். வழக்குகள் எத்தனை, ஆட்கள் எத்தனை என்ற கணக்குக் கவுன்சிலின் கையில்தான் இருந்தது. வாக்கரின் உள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

பின்னால் வந்த தீர்ப்புகள் இந்தத் தூரத்தைக் குறைக்கவில்லை, கூட்டின. 2002இல் ‘ஹாட்டன் எதிர் சதர்லாந்து’ முதலிய நான்கு வழக்குகளை ஒன்றாக விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், வேலையின் வழக்கமான அழுத்தத்தைத் தொழிலாளி தாங்குவார் என்று முதலாளி எண்ணிக்கொள்ளலாம் என்றது. குறிப்பான ஒரு பலவீனம் தெரிந்தாலன்றி அவர் துருவி ஆராய வேண்டியதில்லை என்றது. அத்துடன், இரகசியம் காக்கும் மனநல ஆலோசனை வசதியை ஏற்படுத்தித் தரும் முதலாளி, கடமை தவறியவராகக் கருதப்படுவது அரிது என்றும் சொல்லிற்று. அந்த நான்கு வழக்குகளுள் ஒன்று கணித ஆசிரியர் ஒருவருடையது. வாரத்துக்கு 61 முதல் 70 மணி நேரம் வரை உழைத்தவர். தாங்க முடியவில்லை என்று முறையிட்டபோது, ஆசிரியர்கள் எல்லோருக்கும்தான் நெருக்கடி என்ற பதில் கிடைத்தது. 2004இல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது என்பது ஆறுதல்.

எல்லோருக்கும்தான் நெருக்கடி! இந்தப் பதில் நம் செவிக்குப் புதிதா? ஜவுளிக்கடையில், தோல் பதனிடும் தொழிற்கூடத்தில், மளிகை மண்டியில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பள்ளியில் நாள்தோறும் ஒலிப்பதுதானே.

ஆலோசனை வசதி பற்றிய அந்த வாசகம் பின்னர் பெருந்தொழில் நிறுவனங்களுக்கு வாய்ப்பாகிவிட்டது. ஆளைக் குறைப்பார்கள், இலக்கை உயர்த்துவார்கள், இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார்கள். பிறகு சுவரில் ஓர் எண்ணை ஒட்டி, மனம் தளர்ந்தால் இங்கே பேசலாம் என்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தியானப் பயிற்சியும் நடக்கும். தியானத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால், சுமையை ஏற்றியவரே சுமப்பவரின் முதுகுக்குத் தைலம் அனுப்பி வைப்பதைக் கருணை என்று ஏற்க முடியவில்லை. ஆலோசனை வசதி இருக்கிறது என்பதாலேயே முதலாளியின் கடமை தீர்ந்துவிடாது என்று இன்டெல் நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில் 2007இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஜப்பானின் உச்சநீதிமன்றம் இதைவிடத் துணிவாகப் பேசிற்று. டென்ட்சு என்னும் விளம்பர நிறுவனத்தில் இடைவிடாது உழைத்த இளைஞர் ஒருவர் 1991இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 24. அவர் அளவுக்கு மீறிய கடமையுணர்ச்சி கொண்டவர், எதையும் குறையின்றி முடிக்க வேண்டும் என்ற பிடிவாதமுள்ளவர், அவருடைய சுபாவமும் ஒரு காரணம், ஆகவே நஷ்டஈட்டைக் குறைக்க வேண்டும் என்பது வாதம். 2000 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மனிதர்களின் சுபாவம் பலவிதம்; அந்த வேறுபாட்டை அறிந்தே முதலாளி ஆளை வேலைக்கு அமர்த்துகிறார்; களைப்பும் உளச்சுமையும் மிதமிஞ்சிக் குவியாமல் பார்த்துக்கொள்வது அவர் கடமை என்பது தீர்ப்பின் கருத்து. அதே நிறுவனத்தில் 2015இல் மற்றொரு இளம் ஊழியர் அவ்வாறே இறந்தார் என்பதையும், சட்டத்தை மீறி மிகைநேர வேலை வாங்கியதற்காக 2017இல் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 5 லட்சம் யென் மட்டுமே என்பதையும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரு பெரிய நிறுவனத்துக்கு அது தேநீர்ச் செலவு.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயுற்றவரின் உரிமைகளை விரிவாகச் சொல்கிறது. நோய் வரும்படி வேலை வாங்காதிருக்கும் கடமையை அது முதலாளியின் தலையில் வைக்கவில்லை.

இனி நபிமொழிக்கு வருவோம்.

மதீனாவுக்கு அப்பால் ரபதா என்னும் இடத்தில் அபூதர் (ரலி) அவர்களை ஒருவர் சந்திக்கிறார். அபூதர் அணிந்திருந்த அதே வகை ஆடையை அவருடைய பணியாளரும் அணிந்திருந்தார். வந்தவர் வியந்து காரணம் கேட்க, அபூதர் ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொன்னார். முன்பு அவர் ஒரு மனிதரை, அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார். செய்தி பெருமானார் (ஸல்) அவர்களிடம் போயிற்று. உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறதே என்று கண்டித்த பெருமானார், பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள் என்றும், அல்லாஹ் அவர்களை உங்கள் கைக்குக் கீழே வைத்திருக்கிறான் என்றும், நீங்கள் உண்பதையே உண்ணவும் உடுப்பதையே உடுக்கவும் கொடுங்கள் என்றும், அவர்களை மிகைக்கும் சுமையைச் சுமத்தாதீர்கள் என்றும், அப்படிச் சுமத்தினால் அவர்களுக்கு நீங்கள் துணை செய்யுங்கள் என்றும் அறிவுறுத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

இந்த நபிமொழியை நம் மேடைகளில் நூறு முறை கேட்டிருக்கிறோம். கேட்ட போதெல்லாம் உணவும் உடையுமே முன்னால் நின்றன. பணியாளுடன் ஒரே தட்டில் சாப்பிட்ட பெரியவர்களின் கதைகளைச் சொல்லிப் பேச்சாளர்கள் கண்கலங்க வைப்பார்கள். ஆனால், இது எங்கிருந்து தொடங்குகிறது என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. பட்டினியில் தொடங்கவில்லை; அடியில் தொடங்கவில்லை. ஒரு சொல்லில் தொடங்குகிறது. தாயைச் சொல்லிப் பேசிய ஒரு சொல், ஒருவரின் உள்ளத்தில் ஏற்படுத்திய காயத்தில் தொடங்குகிறது. அந்தக் காயத்துக்கு மருந்தாகச் சொல்லப்பட்டதே உணவும் உடையும் சுமையும் பற்றிய சட்டம். உள்ளத்தின் காயத்தையும் வேலையின் பளுவையும் ஒரே மூச்சில் இணைத்த வாக்கியம் அது. இங்கிலாந்தின் நீதிமன்றம் 1994இல் வந்து சேர்ந்த இணைப்பு இதில் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்தது அந்தக் கடைசி வாக்கியம். சுமத்தினால் துணை செய்யுங்கள். வாழ்க்கையில் மிகைச்சுமை நேரவே நேராது என்று பெருமானார் கற்பனை செய்யவில்லை. அறுவடை உண்டு, திருவிழாக்கால வியாபாரம் உண்டு, கப்பல் வந்து நிற்கும் நாள் உண்டு. அந்த நாளில் முதலாளி என்ன செய்ய வேண்டும்? ஆறுதல் சொல்ல வேண்டும் என்றா சொல்லப்பட்டது? பொறுமையைப் போதிக்க வேண்டும் என்றா? துணை செய்ய வேண்டும். தோள் கொடுக்க வேண்டும். ஆள் கொடுக்க வேண்டும். வாக்கருக்குக் கொடுத்துப் பிடுங்கப்பட்ட உதவியாளர் வேறு எதுவுமல்லர். இந்த வாக்கியத்தின் பிற்பாதிதான் அவர்.

மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய முதியவரின் பேச்சையும் திருமறையின் கஸஸ் அத்தியாயத்தில் காண்கிறோம். எட்டு ஆண்டுகள் என்று காலத்தை வரையறுக்கிறார்; பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம் என்கிறார்; உம்மைச் சிரமப்படுத்த நான் நாடவில்லை என்ற உறுதியையும் அப்போதே கொடுத்துவிடுகிறார். சிரமம் தெரிந்த பிறகு வந்த உறுதிமொழி அன்று அது. ஒப்பந்தத்தின் ஓர் அங்கம். சுமையின் எல்லையைச் சொல்ல வேண்டியவர் வேலை கேட்டு நிற்பவரல்லர், வேலை கொடுப்பவரே என்பது இங்கே தெளிவாகிறது. ஹாட்டன் தீர்ப்பு இதைத் தலைகீழாக்கிற்று. தாங்க முடியாதவர் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவர் எப்படி வாய் திறப்பார்?

இந்த அச்சத்தை 1377இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் ஆராய்ந்திருக்கிறார். மாணவர்களிடம் கடுமை காட்டுவதன் தீமையைப் பற்றிப் பேசும் பகுதி அது. ஆனால் அவர் மாணவர்களோடு நிற்கவில்லை. அடிமைகளையும் ஏவலாளர்களையும் சேர்த்துக்கொள்கிறார். அடக்குமுறையில் வளர்பவனின் உள்ளம் சுருங்குகிறது, ஊக்கம் வற்றுகிறது, சோம்பல் வந்து குடியேறுகிறது, தண்டனைக்கு அஞ்சி உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் பொய் பேசப் பழகிக்கொள்கிறான் என்கிறார். முதலாளிகள் ஊழியர்மீது வழக்கமாகச் சுமத்தும் குற்றச்சாட்டுப் பட்டியலைச் சற்று நினைத்துப் பாருங்கள்: சோம்பேறி, பொய்யன், ஆர்வமில்லாதவன். இப்னு கல்தூன் அந்தப் பட்டியலை வாங்கித் திருப்பி முதலாளியின் கையிலேயே கொடுக்கிறார். இவையெல்லாம் உம் கடுமையின் விளைச்சல் என்று.

அதே நூலில் முஹ்தஸிப் என்னும் அதிகாரியைப் பற்றியும் எழுதுகிறார். சுமைகூலிகளும் படகோட்டிகளும் அளவுக்கு மீறிய பாரம் ஏற்றாமல் தடுப்பது முஹ்தஸிபின் பணிகளில் ஒன்று. யாரேனும் முறையிட்டால்தான் தலையிடுவது என்பது அவருக்கு இல்லை; தம் பார்வைக்கு வந்ததை அவரே கவனிக்க வேண்டும். இவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த மாவர்தீயும், அடிமைகள்மீதும் கால்நடைகள்மீதும் தாங்கவொண்ணா வேலை சுமத்தப்படாமல் பார்ப்பதை இந்த அதிகாரியின் கடமைகளில் சேர்த்திருக்கிறார். படகு கவிழ்ந்த பிறகு வந்து விசாரிப்பவரல்லர் முஹ்தஸிப்; துறையிலேயே நின்று மூட்டைகளை எண்ணுபவர்.

இத்தனை செல்வத்தையும் கையில் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்று கேட்கத்தானே வேண்டும்? உள்ளம் களைத்தவனைப் பார்த்து ஈமான் குறைந்தவன் என்கிறோம். இரவில் உறக்கம் வரவில்லை என்று சொன்னால் திக்ரு செய்யச் சொல்கிறோம். வேலைக்குப் போக நெஞ்சு நடுங்குகிறது என்றால் ஸபுர் செய் என்கிறோம். திக்ரும் ஸபுரும் உயர்ந்தவை என்பதில் நமக்கு ஐயமில்லை. உள்ளத்தின் நோய்களைப் பற்றி, உடலின் நோய்களோடு சேர்த்து, பத்தாம் நூற்றாண்டிலேயே தனி நூல் எழுதிய அபூ ஸைத் அல்பல்கீயைப் பெற்ற சமுதாயம் இது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சுமப்பவன் தானே தேர்ந்துகொள்ளும் ஸபுருக்கு மாண்பு உண்டு. சுமத்தியவன் எடுத்துச் சொல்லும் ஸபுர் வேறு வகை. அது தன் கணக்கைப் பிறர் ஏட்டில் எழுதும் தந்திரம்.

முஆத் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தி ஒன்று இங்கே மிகவும் பொருந்தி வருகிறது. அவர்கள் ஓர் இரவு தம் மக்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். நீண்ட அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார்கள். நீர் இறைக்கும் ஒட்டகங்கள் இரண்டை ஓட்டிக்கொண்டு, பகலெல்லாம் உழைத்துக் களைத்து வந்த ஒருவர் அந்த அணியில் நின்றார். தாங்க முடியவில்லை. விலகிச் சென்று தனியே தொழுதுகொண்டார். இதைக் கேள்விப்பட்ட முஆத், அவர் நயவஞ்சகர் என்று சொல்லிவிட்டார்கள். உழைப்பாளி நேரே பெருமானாரிடம் சென்று முறையிட்டார். பெருமானார் கடிந்துகொண்டது யாரை? முஆதை. குழப்பம் விளைவிப்பவரா நீர் என்று மும்முறை கேட்டார்கள். உமக்குப் பின்னால் முதியோரும் பலவீனரும் வேலையுள்ளோரும் நிற்கிறார்கள் என்று சொல்லிச் சிறிய அத்தியாயங்களை ஓதும்படி பணித்தார்கள். களைத்தவனின் ஈமானை அளந்து பார்க்கத் துணிந்த ஒரு பெரியவரின் கையிலிருந்து அந்த அளவுகோல் பறிக்கப்பட்ட காட்சி இது. அளந்தவர் சாதாரணமானவரல்லர், மார்க்க அறிவில் முன்வரிசையில் நின்ற நபித்தோழர். அளக்கப்பட்டவரோ, அந்த அறிவிப்பில் பெயர்கூடச் சொல்லப்படாத ஓர் உழைப்பாளி.

இமாம் என்றதும் நம் எண்ணம் இன்றைய இமாமிடம் போகிறது. நம் சமுதாயத்தில் யார் முதலாளி என்று கேட்டால், கடைக்காரரையும் ஆலை அதிபரையும் சுட்டுகிறோம். கடைக்காரர் தம் ஊழியருக்கு உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று என்பதே அவரைப் பற்றிப் போதிய விமர்சனம். ஆனால், ஊர்தோறும் இருக்கும் மற்றொரு முதலாளியை நாம் முதலாளி என்று அழைப்பதே இல்லை. அது ஜமாஅத். பேஷ்இமாமையும் மோதினாரையும் மக்தப் ஆசிரியர்களையும் வேலைக்கு அமர்த்தி, ஊதியம் கொடுத்து, வேண்டாத போது நிறுத்திவிடும் முதலாளி.

இமாமின் வேலைநேரத்தை எண்ணிப் பார்ப்போம். ஸுப்ஹுக்கு முன் எழ வேண்டும். இஷாவுக்குப் பின்தான் அடங்க வேண்டும். இடையில் கிடைக்கும் துண்டு துண்டான நேரம் ஓய்வு என்று பெயர் பெறுகிறது. எங்கும் போய்வர அது போதாது. மக்தபில் பிள்ளைகள், வீடுகளில் பாத்திஹா, நிகாஹ், நள்ளிரவானாலும் ஜனாஸா. எல்லோருக்கும் விடுமுறையாகும் பெருநாளில் இவருக்கு வேலை கூடுதல். வாராந்தர விடுப்பு என்ற பேச்சே பல ஊர்களில் இல்லை. சொந்த ஊருக்குப் போக வேண்டுமானால் மாற்று ஆளை அவரே தேடி நிறுத்திவிட்டுப் போக வேண்டும். மனைவி மக்கள் ஓரூரில், இவர் பள்ளிவாசலை ஒட்டிய அறையில். ஓதுவது நீளம் என்பார் ஒருவர். குறைவு என்பார் மற்றொருவர். நூறு குடும்பமுள்ள ஊரில் நூறு மேலதிகாரிகள். நிர்வாகம் மாறினால் வேலையும் மாறலாம்.

இவற்றோடு, எவரும் கணக்கில் எடுக்காத ஒரு சுமையும் இருக்கிறது. தலாக்குப் பிணக்கு, பாகப்பிரிவினைச் சண்டை, வெளிநாடு போன மகன் பேசுவதில்லை என்ற தாயின் அழுகை எல்லாம் அவர் அறையின் வாசலுக்கே வருகின்றன. பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டு உள்ளம் கனத்த வாக்கருக்கும் இவருக்கும் இவ்வகையில் அதிக வேறுபாடில்லை. வாக்கர் தாங்க முடியவில்லை என்று மருத்துவரிடம் சொல்ல முடிந்தது. நம் ஹஜ்ரத் யாரிடம் சொல்வார்? ஊருக்கே ஸபுரைப் போதிப்பவர், தம் நெஞ்சு நடுங்குகிறது என்று வாய் திறந்தால், மறு ஜும்ஆவுக்குள் அவர் ஈமானைப் பற்றிய பேச்சு கடைத்தெருவில் நடக்கும்.

ஊதியமும் அந்தஸ்தும் குறைந்தவருக்கு மனச்சுமை ஏது, அது பெரிய பதவிக்காரர்களின் நோய் அல்லவா என்று கேட்போர் உண்டு. இங்கிலாந்தின் அரசு ஊழியர்களை 1967 முதல் ஆராய்ந்த வைட்ஹால் ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் கண்டது. மிகக் கீழ்நிலை ஊழியர்களிடையே இதயநோய் மரணம், உச்சநிலை அதிகாரிகளிடையே இருந்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. 1985இல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டம், தம் வேலைமீது தமக்கு அதிகாரம் இல்லாதிருப்பது இதயத்தைப் பாதிக்கும் காரணங்களில் ஒன்று என்று காட்டிற்று. பொறுப்பு நிறைய, அதிகாரம் சிறிதும் இல்லை என்பது இமாமின் நிலைக்கும் மோதினாரின் நிலைக்கும் பொருந்தும் வருணனை.

இது இறைபணி, இதில் முதலாளி தொழிலாளி என்ற பேச்சே தகாது என்ற வாதம் பழையது. வக்ஃபு வாரியங்கள் உச்சநீதிமன்றத்தில் இவ்வாறே வாதாடின. அகில இந்திய இமாம்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 1993 மே மாதம் வந்த தீர்ப்பு அதை ஏற்காமல், இமாம்களுக்கு ஊதியம் பெறும் உரிமை உண்டு என்றது. அந்தத் தீர்ப்பு ஊதியத்தோடு நின்றது. வேலையின் அளவைப் பற்றி அது பேசவில்லை. அன்று கேட்கப்பட்ட கேள்வியும் அதுவன்று. ஆயினும் இமாம் வேலை செய்பவர் என்பது ஏற்கப்பட்டதும், அவரை அமர்த்தியவர் வேலை கொடுப்பவர் ஆகிவிடுகிறார். அபூதருக்குச் சொல்லப்பட்டது அவரையும் வந்தடைகிறது.

ஜமாஅத்துகள் பலவும் ஏழ்மையானவை என்பது உண்மை. சந்தா வசூலாவதே பெரும்பாடு. ஆனால், பணமின்மை என்ற வாதம் நாம் பார்த்தவரை பாதி நேர்மையானது. மினாராவை உயர்த்தக் கிடைக்கும் பணம், குளிர்சாதனம் பொருத்தக் கிடைக்கும் பணம், இரண்டாவது ஆளுக்கு மட்டும் கிடைப்பதில்லை. கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். இமாமின் ஓய்வுநாளுக்குக் கொடுத்தால் எந்தக் கல்வெட்டிலும் வராது. இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மூன்று சேர்ந்து ஒரு மாற்று இமாமை வைத்துக்கொண்டால், ஒவ்வோர் ஊர் இமாமுக்கும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ கிடைக்கும்; ஓர் ஊரின் தலையில் விழும் செலவு முழுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அவரை யார் கேள்வி கேட்கலாம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்: நூறு பேர் அல்ல, ஒருவர் அல்லது இருவர். வேலையிலிருந்து நிறுத்துவதற்கு முன் எத்தனை மாத அவகாசம் என்பதும் அந்த எழுத்தில் இருக்க வேண்டும். மத்யனின் முதியவர் எட்டு ஆண்டு என்று சொன்னார். நம் நிர்வாகிகள் எட்டு மாதத்தைக்கூட உறுதியாகச் சொல்ல மறுக்கிறார்கள்.

உலமாக்கள் மற்றும் பணியாளர்களுக்கெனத் தமிழகத்தில் 2009இல் நலவாரியம் ஒன்று ஏற்பட்டது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, மரணம் ஆகியவற்றுக்கு அதன் உதவிகள் உண்டு. மாற்று இமாமின் சம்பளம் அந்தப் பட்டியலில் இடம்பெறும் இனம் அன்று. அது ஜமாஅத்தின் கணக்கேட்டில், மின்கட்டணத்துக்கும் வெள்ளையடிப்புக் கூலிக்கும் நடுவே ஒரு வரியாக எழுதப்பட வேண்டியது.